ஞாயிற்றுக்கிழமை வரை நீண்ட முழு பேக்கப்: காரைக்குடி பாத்திர வணிக நிறுவனம் ஒன்றில் சிந்தெடிக் முறை குறித்த நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் எவர்சில்வர், பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் குடும்ப நிறுவனம் ஒன்று தன் மெய்நிகர் இயந்திரங்களுக்கான (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் இயங்கும் தனித்தனிக் கணினிகளுக்கான) பேக்கப் முறையை நேரடி முழு பேக்கப்பிலிருந்து, முன்பே எடுத்த பேக்கப்களைக் கொண்டு தொகுக்கும் சிந்தெடிக் முழு பேக்கப்புக்கு மாற்றியபோது நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிறுவனத்தின் பெயரும் அது பயன்படுத்தும் பேக்கப் மென்பொருளின் பெயரும் இங்கே தேவையில்லை. அதே அளவுள்ள வேறு எந்த நிறுவனத்திலும் இதே வரிசையில் இதே சிக்கல்கள் எழக்கூடும். சிந்தெடிக் முறையை ஆதரிக்கும் மென்பொருள்கள் அனைத்துக்கும் கீழே சொல்லப்படும் இயல்புகள் பெரும்பாலும் பொதுவானவை.

நிலைமை

நிறுவனத்தில் இரண்டு ஹோஸ்ட் சர்வர்களும், அவை பகிர்ந்துகொள்ளும் ஒரு ஸ்டோரேஜும், அவற்றின் மீது ஆறு மெய்நிகர் இயந்திரங்களும் இருந்தன. பில்லிங்குக்கும் இருப்புக் கணக்குக்குமான தரவுத்தளம் ஒன்று, டேலி இயங்கும் டெர்மினல் சர்வர் ஒன்று, ஊழியர்களின் கடவுச்சொற்களை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் ஒன்று, சிறு பணிகளுக்கான இயந்திரங்கள் இரண்டு. ஆறாவதான ஃபைல் சர்வர்தான் எல்லாவற்றிலும் பெரியது. மொத்தமாகப் பயன்பாட்டில் இருந்த ஏறத்தாழ 4 டெராபைட்டில் 3 டெராபைட்டுக்கு மேல் அந்த ஒரே இயந்திரத்தில் இருந்தது.

ஒரு பாத்திரக் கடையில் இவ்வளவு தரவு எங்கிருந்து வந்தது என்று வெளியூர் வாசகருக்குத் தோன்றலாம். நகரத்தார் திருமணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைக்கும் வழக்கம் இருப்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் நீண்ட சாமான் பட்டியல் ஒன்று தயாராகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் படம் எடுக்கப்படுகிறது. பெயர் வெட்டிய பின் மறுபடியும் எடுக்கப்படுகிறது. அக்காளின் திருமணத்துக்கு எடுத்த அதே வரிசையில் தங்கைக்கும் வேண்டும் என்று சில ஆண்டுகள் கழித்துக் கேட்டு வருபவர்கள் உண்டு என்பதால் எந்தப் படத்தையும் நிறுவனம் அழிப்பதில்லை. இதன் விளைவாக, ஃபைல் சர்வரில் மிகப் பெரும்பகுதி ஒருமுறை எழுதப்பட்டு அதன்பின் மாறாமலே கிடக்கும் தரவாக இருந்தது. இந்த இயல்பு பின்னர் நன்மையாகவும் ஆபத்தாகவும் அமைந்ததால், முதலிலேயே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

பழைய முறை எளிமையானது. வார நாட்களில் இரவு, முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்; சனிக்கிழமை இரவு 10:30 மணிக்கு எல்லா இயந்திரங்களையும் முதலிலிருந்து படித்து எடுக்கும் நேரடி முழு பேக்கப். சேமிப்பிடம் நான்கு வட்டுகள் கொண்ட ஒரு நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாக அணுகும் சேமிப்புப் பெட்டி. இடையில் இருந்தது 1 ஜிகாபிட் நெட்வொர்க். அந்த வேகத்தில் நடைமுறையில் விநாடிக்கு 110 மெகாபைட் அளவே கடந்து செல்லும் என்பதால், 4 டெராபைட்டுக்குக் கணக்குப்படியே 10 மணி நேரம் ஆகும். உண்மையில் 12 மணி நேரத்தை ஒட்டி ஆனது. சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் கடை அடைத்திருப்பதால் யாருக்கும் இது தெரியவில்லை. முகூர்த்தக் காலத்தில், தை தொடங்கியதும், ஞாயிறு காலை 9 மணிக்கே கடை திறந்து கூட்டம் நிற்கும்போது, பில் போடுமிடத்தில் திரை உறைந்து நிற்பது வாடிக்கையாயிற்று.

உறைதலுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, பேக்கப் மென்பொருள் ஸ்டோரேஜிலிருந்து தொடர்ந்து படித்துக்கொண்டிருந்ததால் தரவுத்தளத்தின் வேண்டுகோள்கள் வரிசையில் காத்திருந்தன. இரண்டாவது, வட்டின் ஒரு கணத்து நிலையை அப்படியே நிறுத்தி வைக்கும் ஸ்னாப்ஷாட் சம்பந்தப்பட்டது. ஓர் இயந்திரத்தைப் பேக்கப் எடுக்கும் நேரம் முழுவதும் அதன் வட்டு ஸ்னாப்ஷாட்டில் நிறுத்தப்பட்டு, புதிய எழுத்துகள் தனி டெல்டா கோப்பில் சேர்கின்றன. பேக்கப் முடிந்து அந்த டெல்டாவை மூல வட்டோடு இணைக்கும்போது, இறுதிக் கட்டத்தில் இயந்திரம் சில நொடிகள் நிறுத்தப்படுகிறது. ஸ்னாப்ஷாட் எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ, அதற்கு ஏற்ப டெல்டாவும் பெருத்திருக்கும். தரவுத்தள இயந்திரத்தை வரிசையில் முதலாவதாக வைத்துப் பார்த்ததில் இரண்டாவது தொல்லை அதற்கு நீங்கியது. முதலாவது நீங்கவில்லை, ஃபைல் சர்வரைப் படித்து முடிக்கும் வரை ஸ்டோரேஜின் மீதான சுமை அப்படியே இருந்தது.

சிந்தெடிக் முழு பேக்கப் செய்வது என்ன

இன்கிரிமென்டல் பேக்கப் எடுக்கும்போது வட்டின் எந்தெந்தப் பிளாக்குகள் (சிறு தரவுத் துண்டுகள்) மாறின என்பதை மென்பொருள் வட்டு முழுவதையும் படித்துக் கண்டுபிடிப்பதில்லை. அந்தக் கணக்கை, மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரே வைத்திருக்கிறது. விஎம்வேர் 2009இல் விஸ்பியர் 4 வெளியீட்டோடு மாறிய பிளாக்குகளைத் தடமறியும் வசதியைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி அதற்கு இணையான வசதியை விண்டோஸ் சர்வர் 2016இல் பெற்றது. ஆகவே தினசரி பேக்கப்பில் மாறிய பிளாக்குகள் மட்டுமே ஸ்டோரேஜை விட்டு வெளியே வருகின்றன. நமது நிறுவனத்தில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 ஜிகாபைட்.

அப்படியானால் முழு பேக்கப்பை ஏன் மறுபடியும் மூலத்திலிருந்து படிக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. போன வார முழு பேக்கப்பும் அதற்குப் பின் வந்த இன்கிரிமென்டல்களும் சேமிப்பிடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும் அவற்றில் மிகப் புதியது எதுவோ அதை எடுத்து வரிசைப்படுத்தினால், இன்று மூலத்திலிருந்து படித்தால் கிடைக்கும் அதே கோப்பு கிடைத்துவிட வேண்டும். இப்படித் தொகுத்து உருவாக்குவதே சிந்தெடிக் முழு பேக்கப். குறிப்பிட்ட நாளில் முதலில் வழக்கமான இன்கிரிமென்டல் எடுக்கப்படுகிறது, பிறகு அதையும் உள்ளடக்கி முழுக் கோப்பு தொகுக்கப்படுகிறது. இந்த இரண்டாம் கட்டத்தில் மெய்நிகர் இயந்திரமோ ஹோஸ்டோ மூல ஸ்டோரேஜோ எதுவும் பங்கு பெறுவதில்லை. ஸ்னாப்ஷாட் திறந்திருக்கும் நேரம் இன்கிரிமென்டலுக்குத் தேவையான அளவோடு முடிந்துவிடுகிறது.

முழு பேக்கப்பே தேவையில்லை, இன்கிரிமென்டல்களை மட்டும் எடுத்து மிகப் பழையதை முழுக் கோப்போடு இணைத்துக்கொண்டே போகலாம் என்ற முறையும் உண்டு. இடம் மிகக் குறைவாகப் பிடிக்கும். ஆனால் அந்த முறையில் முழுக் கோப்பு ஒவ்வொரு நாளும் திருத்தி எழுதப்படுகிறது. கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலுக்கு (ரான்சம்வேர்) அஞ்சி, பேக்கப் கோப்புகளைக் குறிப்பிட்ட நாட்களுக்கு யாரும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டி வைக்க விரும்பும் ஒருவர், தினமும் திருத்தப்படும் கோப்பைப் பூட்ட முடியாது. பூட்டு வேண்டும் என்றால் அவ்வப்போது புதிய முழுக் கோப்பு ஒன்று பிறந்தாக வேண்டும். நிறுவனத்தின் உரிமையாளர் பூட்டு வேண்டும் என்பதில் உறுதியாக இருந்ததால், வாரம் ஒரு சிந்தெடிக் முழு பேக்கப் என்ற முடிவுக்கு வந்தோம்.

பழைய நாஸில் நடந்தது

முதலில் எந்தப் புதிய சாதனமும் வாங்காமல், இருந்த நாஸிலேயே சிந்தெடிக் முறையை இயக்கினோம். பில் போடும் இடத்தில் திரை உறைவது அந்த வாரமே நின்றது. ஆனால் முழு பேக்கப்பைத் தொகுக்கும் வேலை 20 மணி நேரத்தையும் தாண்டியது. பழைய முறையைவிட மெதுவாக முடிந்த இந்த விளைவு பலருக்கும் வியப்பளிப்பதால் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

நேரடி முழு பேக்கப்பில் நாஸ் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: வருவதைத் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போவது. சுழலும் வட்டுகள் அதை நன்றாகவே செய்யும். சிந்தெடிக் தொகுப்பில் ஒவ்வொரு பிளாக்கையும் முதலில் படிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். படிக்க வேண்டியவை போன வார முழுக் கோப்பிலும் அதற்குப் பின் வந்த இன்கிரிமென்டல்களிலுமாகச் சிதறிக் கிடப்பதால் வட்டின் தலைகள் இங்கும் அங்குமாக அலைகின்றன. எழுதப்படுவதும் அதே வட்டுகளில்தான். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பாரிட்டியை (ஒரு வட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் மதிப்பை) படித்துத் திருத்தும் கூடுதல் வேலை வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாஸ் தானாக எதையும் தொகுப்பதில்லை. அதைப் பகிர்ந்த கோப்புறையாக மட்டும் அணுகும் கேட்வே சர்வர் ஒவ்வொரு பிளாக்கையும் நெட்வொர்க் வழியாக எடுத்து வந்து, அதே நெட்வொர்க் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. 3.2 டெராபைட் கோப்புக்கு 3.2 டெராபைட் வரத்தும் 3.2 டெராபைட் போக்கும். நடைமுறை வேகம் விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டவில்லை.

ஞாயிறு இரவு வரை தொகுப்பு நீண்டதால் அன்றைய இன்கிரிமென்டல் காத்திருக்க நேர்ந்தது. மூல ஸ்டோரேஜின் சுமையை இறக்கிச் சேமிப்பிடத்தின் மீது ஏற்றியிருந்தோம், அவ்வளவுதான். சிந்தெடிக் முறை விளக்கங்களில் 'உற்பத்திச் சூழலுக்குச் சுமை இல்லை' என்ற வரி தவறாமல் இடம்பெறும். அந்தச் சுமை எங்கே போகிறது என்ற அடுத்த வரியை வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும்.

பிளாக்குகளைப் பகிரும் கோப்பு முறைமை

இதற்குத் தீர்வு, வட்டில் கோப்புகளை அடுக்கி நிர்வகிக்கும் கோப்பு முறைமையிலேயே இருந்தது. லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் முறைமையில் ரீஃப்லிங்க் எனும் வசதி இருக்கிறது. ஒரு கோப்பிலுள்ள பிளாக்குகளை வேறொரு கோப்பும் தனதாகக் காட்டிக்கொள்ளலாம். பிளாக் நகர்வதும் இல்லை, நகலெடுக்கப்படுவதும் இல்லை, சுட்டிகள் மட்டும் எழுதப்படுகின்றன. 2018இல் வந்த லினக்ஸ் கெர்னல் 4.16இல் இந்த வசதி சோதனை நிலையைக் கடந்தது. விண்டோஸ் தரப்பில் இதே வேலையை விண்டோஸ் சர்வர் 2016 முதல் ரீஎஃப்எஸ் செய்கிறது. அங்கே கிளஸ்டர் (இடம் ஒதுக்கும் அலகு) அளவை 64 கிலோபைட்டாக அமைத்துக்கொள்வது நல்லது. லைசென்ஸ் செலவையும் பூட்டி வைக்கும் வசதியையும் கருதி லினக்ஸைத் தேர்ந்தோம்.

ஆறு வட்டுகளை ரெய்டு 6 ஆக அமைத்த தனி இயந்திரம் ஒன்று சேமிப்பிடமாயிற்று. மாற்றும் வேலைக்கு ஆடி மாதத்தை ஒதுக்கினோம். திருமணம் இல்லாத மாதமாகையால் கடையில் நெருக்கடி இல்லை, ஞாயிறு முழுவதும் நேரடி முழு பேக்கப் ஓடினாலும் கேட்பவர் இல்லை. பழைய நாஸில் இருந்த சங்கிலியை (முழுக் கோப்பும் அதைத் தொடரும் இன்கிரிமென்டல்களும்) அப்படியே நகலெடுத்துப் புதிய இடத்தில் தொடரலாமா என்ற யோசனையைக் கைவிட்டோம். பகிர்தல் ஒரே வால்யூமுக்குள் (ஒரே கோப்பு முறைமையாக அமைந்த சேமிப்புப் பரப்புக்குள்), பிளாக் எல்லைகள் சரியாகப் பொருந்தியிருந்தால் மட்டுமே நடக்கும் என்பதால், புதிய வால்யூமில் புதிய நேரடி முழு பேக்கப்போடு தொடங்குவதே சரி.

அதன்பின் சனிக்கிழமைத் தொகுப்பு சில நிமிடங்களில் முடிந்தது. ஃபைல் சர்வருக்குக்கூடக் கால் மணி நேரம் தேவைப்படவில்லை. இடத்திலும் அதே அளவு சிக்கனம்: கோப்புப் பட்டியலைப் பார்த்தால் நான்கு வார முழு பேக்கப்கள் சேர்ந்து 12 டெராபைட்டுக்கு மேல் தெரியும், ஆனால் வால்யூமில் நிரம்பியிருப்பது ஒரு முழு பேக்கப்பும் மாறிய பிளாக்குகளும் மட்டுமே. லினக்ஸில் கோப்புறை அளவைக் கூட்டிச் சொல்லும் கட்டளை பகிரப்பட்ட பிளாக்குகளை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக எண்ணிவிடும். வால்யூமின் மீதி இடத்தைச் சொல்லும் கட்டளையே உண்மை நிலவரத்தைச் சொல்லும். கோப்புகளை வேறொரு வட்டுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால் பகிர்தல் கலைந்து, காட்டிய அளவுக்கே அவை விரிந்துவிடும் என்பதையும் புதிதாக இதைக் கையாளும் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்.

கணக்கப்பிள்ளையின் கேள்வி

புதிய ஏற்பாட்டை விளக்கிச் சொன்ன நாளில், நிறுவனத்தில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதும் பெரியவர் குறுக்கே எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தம்பி, பழைய பேரேட்டையும் சிட்டையையும் வச்சுப் புதுப் பேரேடு எழுதிட்டிய. சரி. பெட்டியை எப்ப எண்ணுவிய?" என்று கேட்டார். பேரேட்டில் உள்ள நிலுவையோடு அன்றாடச் சிட்டையைக் கூட்டிக் கழித்து எத்தனை அழகாகப் புதிய பேரேடு திறந்தாலும், பெட்டியடியில் பணத்தை எண்ணாத வரை அது எழுத்தோடு எழுத்து ஒத்துப்போவதற்கு மட்டுமே சான்று. அவர் கேட்டது இந்த முறையின் மிக முக்கியமான குறையைத்தான்.

சிந்தெடிக் முழு பேக்கப் இரண்டை நம்பி நிற்கிறது. மாறிய பிளாக்குகள் இவை என்று ஹைப்பர்வைசர் தந்த பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சேமிப்பிடத்தில் முன்பே எழுதிய பிளாக்குகள் எழுதியபடியே இருக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டில் எது பிசகினாலும் தொகுப்பு வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே பச்சை நிறத்தில் காட்டும். பிழை அடுத்த வார முழு பேக்கப்புக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போய்ச் சேரும்.

முதல் வகைப் பிசகு கற்பனையன்று. மெய்நிகர் வட்டை 128 ஜிகாபைட் எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கிய இயந்திரங்களில் மாறிய பிளாக்குகளின் பட்டியல் தவறாக வரக்கூடும் என்று விஎம்வேரே 2014இல் அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தை நிறுவியது மட்டும் போதாது; தடமறிதலை அணைத்து மறுபடி இயக்கிப் புதிய முழு பேக்கப் எடுத்தவர்களுக்கே நம்பகமான சங்கிலி கிடைத்தது. மூலத்திலிருந்து அவ்வப்போது படித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த நேரடி முழு பேக்கப்போடு தப்பினார்கள். பழைய சங்கிலியிலிருந்தே தொகுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நமது நிறுவனத்தில் நேர்ந்தது இரண்டாம் வகை. மாதாந்திரச் சோதனையாக, முழு பேக்கப்பிலிருந்து மெய்நிகர் இயந்திரங்களைத் தனித்த நெட்வொர்க்கில் இயக்கிப் பார்ப்பது என்று வைத்திருந்தோம். இயந்திரம் எழுகிறதா, உள்ளே நுழைய முடிகிறதா, தரவுத்தளத்தின் ஒருமைச் சோதனை பிழையின்றி முடிகிறதா என்பவை பார்க்கப்பட்டன. எல்லாம் சரியாக இருந்தன. கணக்கப்பிள்ளையின் கேள்விக்குப் பின் இதோடு ஒன்றைச் சேர்த்தோம்: ஃபைல் சர்வரில் பழைய படங்கள் உள்ள கோப்புறைகளுக்கு ஹாஷ் மதிப்புகளின் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்களின்) பட்டியல் ஒன்றை மூலத்தில் தயாரித்து, மீட்டெடுத்த இயந்திரத்தில் தயாரித்த பட்டியலோடு ஒப்பிடுவது. முதல் ஒப்பீட்டிலேயே, சில ஆண்டுகளுக்கு முந்தைய திருமணம் ஒன்றின் படங்களை அடக்கிய பெரிய தொகுப்புக் கோப்பு ஒத்துப்போகவில்லை.

உடனே சேமிப்பிடத்தின் மீது முழுமையான நலச் சோதனையை இயக்கினோம். பேக்கப் மென்பொருள் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சரிபார்ப்பு மதிப்பை எழுதி வைத்திருக்கும். எல்லாவற்றையும் படித்து அந்த மதிப்போடு ஒப்பிடுவதே இந்தச் சோதனை. அந்தக் கோப்புக்குரிய பிளாக்குகள் பழுதாகியிருப்பதை அது சுட்டிக்காட்டியது. எக்ஸ்எஃப்எஸ் தன் மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய குறிப்புகளுக்கு) மட்டுமே சரிபார்ப்பு மதிப்பு வைத்துக்கொள்ளும், கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைத்துக்கொள்வதில்லை என்பதால் கோப்பு முறைமை இதைத் தானாகக் கண்டிருக்க வழியில்லை. ரெய்டு கன்ட்ரோலரின் பார்வையிலும் குற்றம் இல்லை. வட்டுகள் தங்களிடம் கொடுக்கப்பட்டதைச் சரியாகவே வைத்திருந்தன. கொடுக்கப்பட்டதே பிசகு.

காரணத்தைத் தேடியபோது சேமிப்பிட இயந்திரத்தின் நினைவகத்தில் ஒரு துண்டு பழுதாகியிருப்பது நினைவகச் சோதனையில் தெரிந்தது. செலவு கருதி மேசைக் கணினி வகைப் பலகையில் அமைக்கப்பட்ட அந்த இயந்திரத்தில் பிழை திருத்தும் இசிசி நினைவகம் இல்லை. தரவு நெட்வொர்க் வழியாக வந்து வட்டுக்குப் போகும் இடைவெளியில் நினைவகத்தில் சில பிட்டுகள் மாறியிருக்கின்றன. மூலத்தில் கோப்பு நலமாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது பழுதின் பரப்பு. அந்தப் படங்கள் ஆடி மாத முதல் நேரடி முழு பேக்கப்புக்குப் பின் மாறவே இல்லை. ஆகவே அதற்குப் பின் உருவான எல்லா முழு பேக்கப்களும் அந்த ஒரே பிளாக்கைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. பட்டியலில் நான்கு வார முழு பேக்கப்களும் சில மாத முழு பேக்கப்களும் தனித்தனித் தேதிகளோடு வரிசையாகத் தெரிந்தாலும், அந்தக் கோப்பைப் பொறுத்தவரை நம்மிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி, அதுவும் பழுதான பிரதி. அடிக்கடி மாறும் தரவுத்தளத்துக்கு இந்த ஆபத்து குறைவு. அதன் பிளாக்குகள் புதிது புதிதாக எழுதப்படுகின்றன. மாறாமல் கிடக்கும் தரவு அதிகமாக உள்ள இடத்தில்தான் பிளாக் பகிர்தல் மிகுதியாக இடத்தை மிச்சப்படுத்துகிறது, அதே இடத்தில்தான் ஆபத்தையும் மிகுதியாகக் குவிக்கிறது.

நல்வாய்ப்பாக மூலத்தில் கோப்பு இருந்ததால், நலச் சோதனை சுட்டிக்காட்டிய பிளாக்குகளை அடுத்த பேக்கப்பில் மென்பொருள் மூலத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டது. அதற்குள் ஃபைல் சர்வர் அழிந்திருந்தால் அந்த வீட்டாரின் படங்கள் எந்தத் தேதிக்குப் போய் மீட்டாலும் கிடைத்திருக்க மாட்டா. நினைவகம் மட்டுமன்றிப் பலகையும் மாற்றப்பட்டு, இசிசி நினைவகத்தோடு இயந்திரம் மறுபடி அமைக்கப்பட்டது. அதன்பின் எடுத்த நேரடி முழு பேக்கப்பிலிருந்து புதிய சங்கிலி தொடங்கியது.

இதே குறை சிந்தெடிக் என்ற பெயர் இல்லாத முறைகளிலும் உண்டு என்பதை இடையில் சொல்லிவிடலாம். 2020இல் வெளியான பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருள், மெய்நிகர் வட்டுகளை 4 மெபிபைட் துண்டுகளாகப் பிரித்து ஒரே துண்டை ஒருமுறை மட்டும் சேமிக்கிறது. அங்கே ஒவ்வொரு நாள் பேக்கப்பும் முழு பேக்கப்பாகவே தோன்றும்; தொகுக்கும் வேலை என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு துண்டு கெட்டால் அதைச் சுட்டும் எல்லா நாட்களும் கெடும் என்பதால்தான் அதில் சரிபார்ப்பு வேலை ஒன்று தனியாகத் தரப்பட்டிருக்கிறது. அதை நேரம் குறித்து இயக்காமல் விடுவது பரவலாகக் காணப்படும் பழக்கம்.

தேவகோட்டைப் பிரதி

ஒரே வால்யூமில் எத்தனை முழு பேக்கப் இருந்தாலும் அவை ஒன்றையொன்று காக்காது என்பது தெளிவானபின், வேறோர் இடத்தில் தன் சொந்த வட்டுகளில் நிற்கும் பிரதி கட்டாயமாயிற்று. நிறுவனத்துக்குத் தேவகோட்டையில் கிளை இருக்கிறது. அங்கே சிறிய சேமிப்பிடம் ஒன்று அமைக்கப்பட்டது. சிந்தெடிக் முறை தன் முழுப் பயனைத் தந்தது இந்தக் கட்டத்தில்தான் என்பது எமது கருத்து.

கிளைக்குச் செல்லும் இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் 50 மெகாபிட். 4 டெராபைட்டை அதன் வழியாக அனுப்ப இடைவிடாமல் 7 நாட்களுக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முழு பேக்கப் என்பது அங்கே நடவாத காரியம். ஆனால் நாளொன்றின் 60 ஜிகாபைட் மாற்றம் 2 மணி 40 நிமிடத்தில் போய்ச் சேரும். முதல் முழுப் பிரதியை வெளி வட்டில் எடுத்துக் காரில் கொண்டுபோய்த் தேவகோட்டையில் இறக்கினோம். அதன்பின் இரவுதோறும் மாறியவை மட்டும் செல்கின்றன. வார, மாத முழு பேக்கப்கள் அங்கேயே, அங்குள்ள பிளாக்குகளைக் கொண்டே தொகுக்கப்படுகின்றன. ஆண்டு முழு பேக்கப்களும் அங்கேதான் நிற்கின்றன. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்கச் சொல்வதால், அவற்றை எவ்வளவு காலம் வைப்பது என்பதைத் தீர்மானிக்க வேறு யோசனை தேவைப்படவில்லை.

அனுப்பும் முன் காரைக்குடியில் ஒவ்வொரு பிளாக்கும் சரிபார்க்கப்படுவதால் அங்குள்ள பழுது அப்படியே தேவகோட்டைக்குப் போகாது. ஆனால் ஹைப்பர்வைசர் தரும் பட்டியலில் பிழை இருந்தால் அது இரண்டு இடங்களுக்கும் ஒருசேரப் போகும். பிளாக் எழுதப்பட்டதுபோலவே இருப்பதால் சரிபார்ப்பு மதிப்பும் ஒத்துப்போகும். அதைக் கண்டுபிடிக்க மூலத்தை மறுபடி படிப்பதைத் தவிர வழியில்லை.

இப்போதைய அட்டவணை

இந்தக் காரணத்தால் நேரடி முழு பேக்கப்பை முற்றிலும் கைவிடவில்லை; எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே அளவுகோலாக வைக்கவும் இல்லை. 300 ஜிகாபைட் உள்ள தரவுத்தள இயந்திரத்தை முழுமையாகப் படிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால் அதற்கு மாதம் ஒரு நேரடி முழு பேக்கப். டேலி சர்வருக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் அப்படியே. ஃபைல் சர்வருக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் மார்கழியிலும். இரண்டும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். பகிர்தல் நீண்டுகொண்டே போகும்போது ஒரு முழுக் கோப்பின் பிளாக்குகள் வால்யூமெங்கும் சிதறி மீட்டெடுப்பு மெதுவாகும். அந்தச் சிதறலும் இந்த இருமுறையில் சீராகிறது. ஒவ்வொரு நேரடி முழு பேக்கப்பும் பகிர்தல் இல்லாத புதிய பிளாக்குகளை எழுதுவதால் அந்த நேரத்தில் வால்யூமில் இன்னொரு முழு பேக்கப்புக்கு உரிய இடம் காலியாக இருக்க வேண்டும். சேமிப்பிடத்தின் அளவைக் கணக்கிடும்போது இதை ஒதுக்காமல் விட்டால் ஆடியில் வேலை பாதியில் நிற்கும்.

நலச் சோதனை மாதம் ஒருமுறை ஓடுகிறது. தொகுப்பு சில நிமிடங்களில் முடிந்தாலும், 3.2 டெராபைட்டைப் படித்துச் சரிபார்க்கும் இந்தச் சோதனை பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதைத் தவிர்க்க வழியில்லை, அது சேமிப்பிடத்துக்குள்ளேயே நடப்பதால் கடைக்குத் தொந்தரவும் இல்லை. ஹாஷ் ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆண்டின் கோப்புறைகளைக் கணக்கப்பிள்ளையே தேர்ந்து சொல்கிறார்.

தீர்க்கப்படாத ஒன்று மீதமிருக்கிறது. தேவகோட்டைச் சேமிப்பிடத்தில் ஃபைல் சர்வரின் நேரடி முழு பேக்கப்பை வைக்க இடம் உண்டு, ஆனால் இணைய வழியாக அனுப்ப நேரம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் வெளி வட்டில் எடுத்துச் சென்று அங்கே புதிய சங்கிலி தொடங்குவதா, கிளையின் இணைப்பை 200 மெகாபிட்டுக்கு உயர்த்தி இரண்டு நாட்களில் அனுப்புவதா என்பதை மார்கழிக்குள் நிறுவனம் முடிவு செய்ய வேண்டும். வெளி வட்டே போதும் என்று பரிந்துரைத்திருக்கிறோம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு இன்றும் அதுதான் வேகமான வழி.